காக்தோர்ப் முதல் போர்த்தெலிக் வரை: ஒரு கடற்படைத் தளபதியின் தடத்தில் ஒன்பது நாட்கள்

செப்டம்பர் 12, வியாழன் – லண்டன்

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், பாடகர் குழு அமரும் பகுதியை ஒட்டித் தெற்குப் பக்கமாகச் செல்லும் நடையில் ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது. சுருள் சுருளாகத் தொங்கும் பொய்முடியோடும் பழைய ரோமானியப் படைத்தலைவனின் உடையோடும், திண்டுகளின்மேல் சாய்ந்து கிடக்கும் அந்த மனிதர் சர் கிளவுட்ஸ்லி ஷவல். பதின்மூன்று வயதளவில் கப்பலில் எடுபிடிச் சிறுவனாக ஏறி, ஏறத்தாழ 43 ஆண்டுகளைக் கடலில் கழித்து, இங்கிலாந்துக் கடற்படையின் உச்சப் பதவி வரை உயர்ந்து, 1707 அக்டோபர் 22 இரவு, இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் இருக்கும் சில்லித் தீவுகளின் பாறைகளில் தம் கப்பலோடு மாண்டவர் அவர்.

நான் சரக்குக் கப்பல்களில் 26 ஆண்டுகள் அதிகாரியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பயிற்சி மாணவனாக இருந்த காலத்தில், தீர்க்கரேகையைப் பற்றிய பாடத்தின் முதல் பக்கத்தில்தான் ஷவலின் பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. தம் கப்பல் எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் நான்கு கப்பல்களை இழந்தவர் என்ற ஒரே வரியில் அவரைப் பற்றிய பாடம் முடிந்துவிட்டது. ஓர் இரவின் பிழையை மட்டும் வைத்து ஒரு மாலுமியை அளந்துவிட்டார்களே என்ற வருத்தம் அன்றே மனத்தில் தங்கியது. அந்த இரவுக்கு முந்தைய 43 ஆண்டுகளைத் தேடிக்கொண்டுதான் இப்போது வந்திருக்கிறேன்.

அபேக்குள் நுழைய முப்பது பவுண்டை ஒட்டிய கட்டணம். ஒரு சிலைக்காக இவ்வளவா என்று வாசலில் சற்றுத் தயங்கியது உண்மை. உள்ளே வழிகாட்டும் பணியில் இருந்த முதிய பெண்மணியிடம் பெயரைச் சொன்னபோது, அவர் கையை நீட்டித் திசை காட்டிவிட்டு நின்றுவிடாமல், கூட்டத்தை விலக்கி என்னைச் சிலைக்கு முன்புவரை அழைத்துச் சென்றார். பெரும்பாலானவர்கள் இதைக் கடந்து கவிஞர்களின் மூலைக்குப் போய்விடுவார்கள் என்றும், இவரைத் தேடி வருபவர்கள் கப்பலில் வேலை பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்றும் சொன்னார்.

சிலையைச் செதுக்கியவர் மரச்சிற்பத்தில் பெரும்புகழ் பெற்ற கிரின்லிங் கிப்பன்ஸ். 1711-இலேயே கட்டுரையாளர் ஜோசப் அடிசன் இந்தச் சிலையைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். முரட்டுத் துணிச்சல் கொண்ட ஓர் ஆங்கிலேயக் கடல் தளபதியை, வெல்வெட் திண்டில் சாய்ந்து ஓய்வெடுக்கும் அலங்காரப் பிரியராகக் காட்டிவிட்டார்கள் என்பது அவருடைய குறை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முகத்தில் உப்புக்காற்றின் சுவடே இல்லை. ஆனால் கீழே பொறித்திருக்கும் வாசகத்தைப் படித்தபோது மனம் இளகியது. அவருடைய முடிவை எல்லோரும் துக்கித்தார்கள் என்றும், அவர்களுள் கடலோடிகளே மிகுதியாகத் துக்கித்தார்கள் என்றும், அவருடைய உடல் கரையில் ஒதுங்கி மற்றவர்களோடு மணலில் புதைக்கப்பட்டுப் பின்னர் எடுக்கப்பட்டு இங்கே வைக்கப்பட்டது என்றும் அது சொல்கிறது. சிற்பி தவறவிட்டதைக் கல்வெட்டு எழுதியவர் பிடித்துவிட்டார்.

வெளியே வந்தபோது மழை. எதிரே இருந்த சிற்றுண்டிக் கடையில் ஏழு பவுண்டுக்குக் காய்கறி சூப்பும் ரொட்டியும் வாங்கி, ஈரச் சட்டையோடு அமர்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி – ரோச்செஸ்டர்

மெட்வே ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிறு நகரத்தை அடுத்தது சாத்தம். அங்கே இருந்த கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தால் இவ்வூரின் பல தலைமுறைகள் பிழைத்திருக்கின்றன. 1667-இல் டச்சுக்காரர்கள் இதே ஆற்றில் ஏறி வந்து, நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல்களை எரித்ததும் சாத்தத்துக்கு அருகில்தான்.

கடைத்தெருவின் மேலாக ஒரு பெரிய கடிகாரம் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு தொங்குகிறது. அதற்குக் கீழே, இந்தக் கட்டடம் 1706-இல் சர் கிளவுட்ஸ்லி ஷவலின் சொந்தச் செலவில் எழுப்பப்பட்டது என்றும், அவர் மூன்றாம் வில்லியமின் ஆட்சியில் மூன்று நாடாளுமன்றங்களிலும் அரசி ஆனின் ஆட்சியில் ஒரு நாடாளுமன்றத்திலும் இந்நகரின் உறுப்பினராக இருந்தார் என்றும் எழுதியிருக்கிறது. சற்றுத் தள்ளி 1687-இல் கட்டிய நகர மன்றம் இருக்கிறது. அதன் சுதைவேலைப்பாடு மிக்க கூரையும் 1695-இல் அவர் அளித்த கொடையே. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிராமத்திலிருந்து கைவீசி வந்த சிறுவனுக்கு இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு அக்காலக் கடற்படையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிடிபட்ட எதிரிக் கப்பலையும் அதன் சரக்கையும் விற்று வரும் தொகையில் கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் படிநிலைப்படி பங்கு உண்டு. சம்பளம் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தபோது இந்தப் பங்குதான் மனிதர்களைக் கப்பலில் நிறுத்தி வைத்தது. எனினும் பணம் மட்டும் ஒருவரை நாடாளுமன்றத்தில் அமர்த்திவிடாது. 1689 மே மாதம் அயர்லாந்தின் பான்ட்ரி விரிகுடாவில் பிரெஞ்சுப் படையோடு நடந்த மோதலில் 'எட்கர்' கப்பலின் கேப்டனாக ஷவல் போரிட்டார். அதன்பின் அரசர் வில்லியம் அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். 1692-இல் பார்ஃப்ளர் கடற்போரில் 'ராயல் வில்லியம்' கப்பலில் நின்று பிரெஞ்சு அணிவரிசையை முதலில் உடைத்துக்கொண்டு புகுந்தவரும் அவரே. பாய்களை மட்டுமே நம்பி, காற்று திரும்பும் கணத்தை எதிர்பார்த்துக் காத்திருந்து, எதிரியின் வரிசைக்குள் நுழைவதற்கு எத்தகைய நிதானம் வேண்டும் என்பதைக் கப்பலின் தளத்தில் நின்றவர்கள் அறிவார்கள்.

தேநீர்க் கடையில் என் மேசையைப் பகிர்ந்துகொண்ட முதியவர், தாம் சாத்தம் தளத்தில் கொதிகலன் வேலை பார்த்ததாகவும், 1984-இல் தளம் மூடப்பட்டபோது வேறு வேலை தேடியதாகவும் சொன்னார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டறிந்ததும், தம் தட்டில் இருந்த இரண்டு ஸ்கோன்களில் ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எங்கள் எம்.பி.யைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்றார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மனிதரை அவர் 'எங்கள்' என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஷவல் 1691-இல் மணந்தது எலிசபெத் என்ற விதவையை. அவருடைய முதல் கணவர் சர் ஜான் நார்பரோ, ஷவலைக் கடலில் வளர்த்தெடுத்த தளபதி. 1688-இல் ஹிஸ்பானியோலாவுக்கு வடக்கே மூழ்கிக் கிடந்த ஸ்பானியக் கப்பல் ஒன்றின் வெள்ளியை மீட்கச் சென்ற இடத்தில் நார்பரோ காய்ச்சலால் இறந்தார். அவருடைய சிறு பிள்ளைகளான ஜானும் ஜேம்ஸும் அதன்பின் ஷவலின் வீட்டில் வளர்ந்தார்கள். கென்ட் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் நோல்டன் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் அவ்விருவருக்கும் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே போக எண்ணியிருந்தேன். இருட்டிவிடும் என்பதால் இன்று போகவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு – காக்தோர்ப்

நேற்று முழுவதும் ரயிலிலும் பேருந்திலும் கழிந்தது. நார்ஃபோக் மாவட்டத்தின் வடகரையில் வெல்ஸ் என்ற சிறு துறைமுகத்தில் தங்கியிருக்கிறேன். நாரிச் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தங்கை மகன் இன்று காலை வந்து சேர்ந்துகொண்டான்.

ஷவல் பிறந்த காக்தோர்ப்புக்குப் பேருந்து கிடையாது. கடலோரச் சாலையில் ஸ்டிஃப்கீ என்ற ஊரில் இறங்கி, அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே நடந்தோம். செப்டம்பர் வெயில் என்றாலும் வடக்கேயிருந்து வரும் காற்றில் கத்தியின் கூர்மை இருந்தது. "மாமா, இந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று அவன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். போய்ச் சேர்ந்தபோது அவன் கேட்டதில் தவறில்லை என்று தெரிந்தது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வீடுகள். சிக்கிமுக்கிக் கற்களால் கட்டிய ஒரு சிறு தேவாலயம். அதற்கு அப்பால் இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த விமானத் தளத்தின் எச்சங்கள். அவ்வளவே.

அந்தத் தேவாலயத்தில் இப்போது வழக்கமான வழிபாடு கிடையாது. நார்ஃபோக்கின் பழைய தேவாலயங்களைப் பேணும் அறக்கட்டளை ஒன்று அதைப் பார்த்துக்கொள்கிறது. கதவு பூட்டப்படவில்லை. உள்ளே குளிர்ந்த கல்வாடையும் தெளிந்த கண்ணாடிச் சன்னல்களின் வெளிச்சமும் தவிர வேறொன்றும் இல்லை. 1650 நவம்பர் 25 அன்று ஷவலுக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஊர் இது. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். கிளவுட்ஸ்லி என்ற அபூர்வமான முதற்பெயர் தாய்வழிப் பாட்டியின் குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தாரிடமிருந்து ஏதேனும் சொத்து வரும் என்ற எதிர்பார்ப்பில் வைத்ததாகச் சொல்வதுண்டு. சொத்து வந்ததோ இல்லையோ, பக்கத்து ஊர்க்காரரும் உறவினருமான கிறிஸ்டோபர் மிங்ஸ் என்ற தளபதியின் கப்பலில் ஓர் இடம் கிடைத்தது. அவருக்குப் பிறகு ஆதரவு தந்த நார்பரோவும் இதே காக்தோர்ப்பின் மண்ணில் பிறந்தவர். இந்தச் சிறிய கரையோரத்திலிருந்து அடுத்தடுத்து மூன்று கடற்படைத் தளபதிகள் வந்திருக்கிறார்கள். ஒருவர் கையைப் பிடித்து மற்றவர் ஏறினார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் என் மருமகனின் செருப்பு வார் அறுந்துபோனது. நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, நாங்கள் கேட்காமலேயே நின்று, நாய்ச் சங்கிலியோடு வைத்திருந்த கயிற்றில் ஒரு முழம் வெட்டிக் கட்டிவிட்டுப் போனார். நன்றியை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் வளைவில் மறைந்துவிட்டார்.

மாலையில் வெல்ஸ் படகுத்துறையில் ஒன்பது பவுண்டுக்கு ஒரு தட்டு நண்டு. உடன் வேகவைத்த சாம்ஃபையர் கொடுத்தார்கள். உப்புச் சதுப்பில் வளரும் அந்தப் பூண்டு நம் கழிமுகங்களில் முளைக்கும் உமரியின் இனத்தைச் சேர்ந்தது. வெண்ணெய் தடவியிருந்தபோதிலும் வாயில் வைத்ததும் கடலின் சுவை.

செப்டம்பர் 16, திங்கள் – சால்ட்ஹவுஸ்

இந்த நாளை நான் எளிதில் மறக்கமாட்டேன். சதுப்பு நிலத்துக்கு மேலே ஒரு மேட்டில், ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய தேவாலயம். மிங்ஸுக்கு 1625-இல் திருமுழுக்குக் கொடுத்தது இங்கேதான். உள்ளே பழைய மர இருக்கைகளின் பலகைகளில், கூரிய எதையோ கொண்டு சிறுவர்கள் கீறிய கப்பல்கள் இருக்கின்றன. அக்காலத்தில் தேவாலயத்தின் ஒரு பகுதி பள்ளிக்கூடமாக இருந்ததாம். பாய்மரங்களும் கயிறுகளும் கொடிகளும் ஒன்றுகூட இடம் மாறாமல் கீறப்பட்டிருக்கின்றன. ஆசிரியர் பாடம் நடத்தும்போது சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு, விரலால் அல்லாமல் கத்தியால் கனவு கண்ட பிள்ளைகள். நான் அந்தக் கோடுகளைத் தொடாமல், ஒரு விரற்கடை தள்ளிக் காற்றில் வரைந்து பார்த்தேன்.

மிங்ஸ் தம் தந்தை செருப்புத் தைப்பவர் என்பதையும், தாய் ஒரு படகோட்டியின் மகள் என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார் என்று, கடற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1666 ஜூனில் டச்சுக்காரரோடு நான்கு நாள் நடந்த போரில் மிங்ஸ் படுகாயமுற்று இறந்தார். லண்டனில் நடந்த இறுதிச் சடங்கு முடிந்ததும், பத்துப் பன்னிரண்டு மாலுமிகள் உயரதிகாரியின் வண்டியருகே வந்து கண்ணீரோடு நின்றார்கள். "எங்கள் தளபதிக்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றே. எங்களுக்கு ஒரு தீக்கப்பலைக் கொடுங்கள், அதைக் கொண்டு பழி தீர்க்கிறோம்" என்று கேட்டார்களாம். தீக்கப்பல் என்பது எரிபொருளை நிரப்பி, எதிரிக் கப்பலோடு மோதவிட்டுக் கொளுத்துவதற்கான கலம். அதை ஓட்டிச் செல்பவர்கள் உயிரோடு திரும்புவது அரிது. அதைப் பரிசாகக் கேட்டவர்கள் நேசித்த மனிதரிடம்தான் ஷவல் என்ற சிறுவன் தொழில் கற்றான். குண்டுகள் பறக்கும் நடுவே அவன் வாயில் ஓலையைக் கவ்விக்கொண்டு நீந்திச் சென்றான் என்ற கதை பின்னாளில் வழங்கியது. அது கதையாகவே இருக்கலாம்; அப்படியொரு கதைக்குத் தகுதியானவனாக அவனைக் கருதினார்கள் என்பதே எனக்குப் போதும்.

அக்காலக் கடற்படையில் இரண்டு வகை அதிகாரிகள் இருந்தார்கள். அரசவைச் செல்வாக்கால் நேரே கேப்டனாக வந்த கனவான்கள் ஒரு வகை. கயிறு இழுத்து, தார் பூசி, அடிமட்டத்திலிருந்து வந்தவர்கள் மற்றொரு வகை. தார் பூசிய துணியின் பெயரால் இவர்களைத் 'தார்ப்பாலின்கள்' என்று அழைத்தார்கள். 1677-இல்தான் லெப்டினன்ட் ஆவதற்குத் தேர்வு ஒன்று வந்தது. அதற்கு முன்பே, 1673-இல், ஷவல் லெப்டினன்ட் ஆகிவிட்டிருந்தார். அவருக்குத் தேர்வு வைத்தது வட ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் திரிப்போலி.

மத்தியதரைக் கடலில் வணிகக் கப்பல்களைக் கொள்ளையிட்டவர்களோடு உடன்பாடு காண நார்பரோ ஒரு படையோடு அங்கே சென்றார். திரிப்போலியின் ஆட்சியாளரிடம் தூதாக அனுப்பப்பட்ட ஷவலுக்கு அப்போது 25 வயது. இளைஞன் என்று அவரை அவமதித்து அனுப்பினார்கள். அவரோ வரும் வழியில் துறைமுகத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, காவல் எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணால் அளந்துகொண்டு திரும்பினார். 1676 ஜனவரியில் ஓர் இரவு, படகுகளில் ஆட்களோடு சென்று, துறைமுகத்துக்குள்ளேயே நான்கு கப்பல்களை எரித்துவிட்டு, தம் ஆட்களில் ஒருவரையும் இழக்காமல் திரும்பினார். அரசர் இரண்டாம் சார்லஸ் தங்கப் பதக்கம் அளித்தார். அடுத்த ஆண்டே கேப்டன் பதவி வந்தது. அவமானத்தைக் கோபமாக மாற்றாமல் கவனமாக மாற்றிய அந்த 25 வயது எனக்கு மிகுந்த மதிப்புக்குரியது. நான் அந்த வயதில் சுக்கான் அறையில் நின்றபோது என்னைத் தட்டித் தட்டித் திருத்திய மூத்த கேப்டன் ஒருவரை இன்று நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 18, புதன் – பென்சான்ஸ்

லண்டனிலிருந்து இரவு ரயிலில், உட்காரும் இருக்கையிலேயே தூங்கித் தூங்கி விழுந்து, காலையில் கார்ன்வாலின் கோடிக்கு வந்தேன். மருமகனுக்கு வகுப்புகள் இருந்ததால் இனித் தனிப் பயணம். சில்லித் தீவுகள் கார்ன்வாலின் மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் இருக்கின்றன. சிறு விமானத்தில் இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்று இருக்கை எடுத்திருந்தேன். மூடுபனி காரணமாக விமானம் புறப்படாது என்று காலை எட்டு மணிக்கு அறிவித்தார்கள். பிறகு கப்பலில் இடம் தருவதாகச் சொல்லி எங்களைப் பேருந்தில் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். என் பெட்டி மட்டும் வேறு வண்டியில் போய்விட்டது. அது மறுநாள் மதியம்தான் கைக்கு வந்தது. மாற்றுச் சட்டையும் இரத்த அழுத்த மாத்திரையும் அதற்குள்ளேயே இருந்தன.

காத்திருந்தபோது ஐந்து பவுண்டுக்கு ஒரு பாஸ்டி வாங்கினேன். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பண்டம். மிளகு தூக்கலாக இருந்ததால் நம் நாக்குக்கு ஒத்துவந்தது.

கப்பல் பனிக்குள் நுழைந்ததும் கரை அறுந்துபோனது. தீவின் ஆழம் குறைந்த துறைமுகத்துக்காகவே குறைவாக நீரில் அமிழுமாறு கட்டிய கப்பல் என்பதால், மேற்கிலிருந்து வந்த நீண்ட அலையில் அது பக்கவாட்டில் நன்றாகவே உருண்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த தீவுக்காரப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பையிலிருந்து இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் ஷவலின் கடைசிப் பயணத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். 1704-இல் ஜிப்ரால்டரிலும் மலாகாவிலும் போரிட்டார். 1705-இல் பார்சிலோனாவைக் கைப்பற்றிய படைக்குக் கூட்டுத் தலைமை ஏற்றார். 1707 கோடையில் பிரான்சின் துலோன் துறைமுகத்தின் முற்றுகைக்குத் துணைநின்றார். நிலத்தில் முற்றுகை தோற்றது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே துறைமுகத்தில் மூழ்கடித்தார்கள். அதன்பின் 21 கப்பல்களோடு ஜிப்ரால்டரிலிருந்து வீடு திரும்பினார். வழியெல்லாம் புயல். வானத்தில் சூரியனைக் காணாத நாட்கள் பல. ஈயக்குண்டை இறக்கி எத்தனை பாகம் ஆழம் என்று பார்த்துப் பார்த்து முன்னேறினார்கள். பிரான்சின் உஷான் தீவுக்கு அருகே, ஆங்கிலக் கால்வாயின் பாதுகாப்பான வாயிலில் இருப்பதாக நம்பினார்கள். உண்மையில் வெகுதூரம் வடக்கே தள்ளி வந்திருந்தார்கள்.

செப்டம்பர் 19, வியாழன் – செயிண்ட் மேரிஸ்

பனி கலைந்துவிட்டது. இந்தத் தீவின் சிறு நகரமான ஹியூ டவுனிலிருந்து போர்த்தெலிக் குடாவுக்கு நடந்தே போனேன். வழியோரத்தில் ஆளில்லாத சிறு கடைகள்: ஒரு பலகையில் தக்காளியும் பூக்கிழங்குகளும், பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பெட்டி. ஒன்றரை பவுண்டு போட்டுவிட்டு ஒரு பை தக்காளி எடுத்துக்கொண்டேன். சில்லறை இல்லாதவர்கள் அடுத்த முறை போடலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

குடா மிக அமைதியானது. மேட்டில் சுமையேற்றிய ஒட்டகம்போல் ஒரு பாறை. கரையோரத்தில் செதுக்காத கருங்கல்லால் ஆன எளிய நினைவுச்சின்னம். பாறையில் கப்பல் மோதிய இடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி ஷவலின் உடல் ஒதுங்கியது இங்கேதான். மணலில் புதைத்தார்கள். பிறகு தோண்டியெடுத்து 'சாலிஸ்பரி' என்ற கப்பலில் பிளிமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து லண்டன் அபேக்கு. அவர் விரலில் இருந்த மரகத மோதிரத்துக்காக ஒரு பெண் அவரை உயிரோடு இருக்கும்போதே கொன்றாள் என்றும், முப்பது ஆண்டுகள் கழித்துச் சாகும் தறுவாயில் ஒப்புக்கொண்டாள் என்றும் ஒரு கதை உண்டு. விபத்துக்குப் பின் சில ஆண்டுகளிலேயே எழுதப்பட்ட குறிப்பில், ஆடை களையப்பட்ட நிலையில் உடல் கிடைத்ததும் மோதிரம் காணாமல் போனதும் இருக்கின்றன, கொலை இல்லை. வறிய தீவு மக்கள் பிணத்திலிருந்து பொருளை எடுத்திருக்கலாம். அதற்கு மேல் அந்தப் பெண்ணின்மேல் பழி சுமத்த என் மனம் ஒப்பவில்லை.

மற்றொரு கதை இன்னும் கொடியது. தீவுக்கு அருகில் வந்துவிட்டோம் என்று எச்சரித்த மாலுமி ஒருவனை ஷவல் தூக்கிலிட்டார் என்பது அது. ஷவல் சென்ற 'அசோசியேஷன்' கப்பலில் இருந்த ஏறத்தாழ 800 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்படியானால் இதை வெளியே சொன்னது யார்? எடுபிடிச் சிறுவனாக வந்து, மாலுமிகளின் கண்ணீரைப் பெற்ற மிங்ஸிடம் பழகிய மனிதர் இதைச் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

தீர்க்கரேகைதான் காரணம் என்று என் பாடப்புத்தகம் சொன்னதும் முழு உண்மையன்று. கடலில் கிழக்கு மேற்கை அளக்கும் வழி அன்று இல்லை என்பது சரி. ஆனால் வடக்குத் தெற்கிலும் அவர்கள் தவறியிருந்தார்கள். பழைய வரைபடங்கள் சில்லித் தீவுகளை உண்மையான இடத்துக்கு வடக்கே குறித்திருந்தன. இதை வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1701 வாக்கிலேயே சுட்டிக்காட்டியிருந்தார். கால்வாயின் வாயிலில் கப்பலை வடக்கே தள்ளும் நீரோட்டம் ஒன்று உண்டு என்பதை, வங்காளத்தில் நில அளவைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ரென்னல் 1793-இல்தான் விளக்கினார். மேகமும் வரைபடமும் நீரோட்டமும் ஒரே இரவில் சேர்ந்துகொண்டன. தீர்க்கரேகையைக் கண்டறிபவருக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்த சட்டம் 1714-இல் வந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி – மேற்குப் பாறைகள், செயிண்ட் ஆக்னஸ்

கடல் ஒத்துழைத்தால் மட்டுமே படகு போகும் என்று நேற்றிரவே சொல்லியிருந்தார்கள். ஒத்துழைத்தது. பன்னிரண்டு பேர் ஏறினோம். பெரும்பாலோர் கடல்நாய்களைப் பார்க்க வந்தவர்கள். மேற்குப் பாறைகள் பத்துப் பதினைந்து இடங்களில் கருத்த பற்களாக எழுந்து நிற்கின்றன. எழுந்து நிற்பவற்றைவிட, நீருக்குள் நின்று மேலே நுரையை மட்டும் காட்டுபவை அதிகம். தொலைவில் 1858-இல் ஒளியேற்றிய பிஷப் ராக் கலங்கரை விளக்கம் தனித்து நிற்கிறது. அதற்கு முன் இரும்பில் கட்டிய கோபுரத்தை 1850-இல் ஒரு புயல் அடித்துக்கொண்டு போனது.

கில்ஸ்டன் பாறை அருகே படகுக்காரர் விசையை நிறுத்தினார். இரவு எட்டு மணியளவில் 'அசோசியேஷன்' மோதியது இதில்தான். 'ஈகிள்' கப்பலும் முழுவதுமாக அழிந்தது. 'ராம்னி'யில் ஜார்ஜ் லாரன்ஸ் என்ற ஒருவர் மட்டுமே பிழைத்தார். 'ஃபயர்பிராண்ட்' தீக்கப்பலில் சிலர் கரையேறினார்கள். இறந்தவர்கள் 1,400 முதல் 2,000 வரை என்கிறார்கள். 1967-இல் கடற்படையின் மூழ்காளர்கள் இங்கே பீரங்கிகளையும் நாணயங்களையும் கண்டெடுத்தார்கள். படகுக்காரர் தம் கருவியின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 49 பாகை வடக்கு, 6 பாகை மேற்கு, அதற்குப் பின் தசமப் புள்ளிகள் மூன்று. படகு அலையில் ஏறி இறங்கும்போது கடைசி இலக்கம் மாறி மாறி வந்தது. கடல்நாய்களைப் பார்க்க வந்தவர்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

மதியம் செயிண்ட் ஆக்னஸ் தீவில் இறங்கினோம். நடுவே ஒரு வெண்ணிறக் கோபுரம். 1680-இல் கட்டிய கலங்கரை விளக்கம். உச்சியில் நிலக்கரி எரிப்பார்கள். அந்த இரவிலும் அங்கே ஒரு விளக்கு இருந்தது. காற்றும் மழையும் இருட்டும் கலந்திருந்த கடலில், பாறை தட்டுவதற்கு முன் அதன் சிவந்த ஒளி அவர்கள் கண்ணில் பட்டிருக்குமா என்று கோபுரத்தடியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். பகலிலேயே பாறைகள் மெல்லிய கோடாகத்தான் தெரிந்தன. அருகிலிருந்த விடுதியில் பத்து பவுண்டுக்கு நண்டு சாண்ட்விச். பாதியைச் சாப்பிட்டு மீதியைப் பொதிந்துகொண்டேன்.

நார்பரோவின் பிள்ளைகள் ஜானும் ஜேம்ஸும் அன்று 'அசோசியேஷன்' கப்பலில்தான் இருந்தார்கள். இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். கப்பலின் கேப்டன் எட்மண்ட் லோட்ஸ் நார்பரோவின் மருமகன் முறை. மிங்ஸ் ஷவலை ஏற்றினார், நார்பரோ வளர்த்தார், ஷவல் நார்பரோவின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார். நார்ஃபோக்கின் சதுப்பில் தொடங்கிய அந்த வரிசை முழுவதும் ஒரே கப்பலில் இருந்தது. எலிசபெத் முதல் கணவரைக் கடலில் இழந்தவர். அந்த ஓர் இரவில் இரண்டாம் கணவரையும் இரண்டு மகன்களையும் இழந்தார். அவர் 1732 வரை வாழ்ந்திருந்தார்.

கடைசிப் படகு நாலரை மணிக்கு. ஏறும்போது படகுக்காரர் கைகொடுத்துவிட்டு, தேடி வந்ததைப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். இன்னும் ஓர் இடம் பாக்கியிருக்கிறது, கென்ட்டில் நோல்டன் என்றேன். அவருக்கு அந்த ஊர் தெரியவில்லை. இரண்டு சகோதரர்களின் பெயரைச் சொன்னேன். தலையை அசைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.